நடந்துட்டு வந்தா கணுக்கால் வீங்குது. எதனால இருக்கும்?

அடையாறு ஆலமரம் | செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். வயசு அறுபதை நெருங்குது. கொஞ்ச நாளா பெசன்ட் நகர்ல சாயங்காலம் நடக்கறேன். அரசாங்கம் போட்ட அந்த 8 கிலோமீட்டர் நடைபாதைல பாதிக்கு மேல போயிட்டுத் திரும்பிடுவேன். நடக்கும்போது ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டினா ரெண்டு கணுக்காலும் பொதபொதன்னு இருக்கு, எலாஸ்டிக் பதிஞ்ச தடம் பள்ளமா நிக்குது. வலி கிடையாது. காலைல எழுந்தா பெரும்பாலும் வடிஞ்சிடுது. பி.பி. உண்டு, மாத்திரை சாப்பிடறேன். சுகர் இல்லை. வீட்ல "இந்த வயசுல நடை எதுக்கு, நிறுத்துங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நிறுத்தணுமா?

மெஸ் மணி

புது ஷூவா சார்? லேஸை இறுக்கிக் கட்டறீங்களா?

அடையாறு ஆலமரம்

பழைய ஷூதான். லேஸ் லூஸாத்தான் கட்டுவேன்.

பிரண்டைத் துவையல் | இரவு 10.15

அண்ணா, இது நீர் கோத்துக்கிட்டது. எங்க மாமியாருக்கும் இப்படித்தான். பார்லி கஞ்சி குடிங்க, முள்ளங்கி நிறைய சேத்துக்கோங்க. ராத்திரி வெந்நீர்ல கல்லுப்பு போட்டு அரை மணி நேரம் கால் வைங்க. தண்ணி குடிக்கறதையும் குறைச்சுக்கோங்க.

கோவை பிசியோ | இரவு 11.03

நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

சார், உங்க பதிவுல எனக்கு முக்கியமாப் பட்டது 'ரெண்டு'ங்கற வார்த்தை. ஒரு கணுக்கால் மட்டும் வீங்கினா அந்தக் கால்லயே காரணத்தைத் தேடுவோம். தசைநார் கிழிஞ்சதா, எலும்புல கீறலா, யூரிக் ஆசிடா, ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கா, இப்படி. ரெண்டும் ஒரே மாதிரி வீங்கினா காலை விட்டுட்டு மத்ததைப் பாக்கணும். சாப்பிடற மாத்திரை, உப்பு, வெயில், இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு.

அப்புறம், நடக்கறதாலதான் வீங்குதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. உண்மைல நடை வீக்கத்துக்கு எதிரி. ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை இறுகி, சிரைல தேங்கின ரத்தத்தை மேல தள்ளுது. உள்ள இருக்கற வால்வு அதைத் திரும்ப இறங்க விடாது. சிக்கல் நடை முடிஞ்ச பிறகுதான். உடம்பு சூடாகி, தோலுக்கடியில ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சிருக்கும். அந்த நேரத்துல அசையாம நின்னா தள்ளிவிட ஆளில்லாம ரத்தம் கீழயே தேங்கும், நீர் வெளிய கசியும். சென்னைப் புழுக்கத்துல கேக்கவே வேண்டாம்.

அதனால மூணு கேள்வி. நடந்து முடிச்சதும் நேரா வீட்டுக்கா, இல்ல எங்கயாவது நிக்கறீங்களா? கணுக்காலுக்கு நாலு விரல் மேல, முன்னெலும்பு மேல கட்டைவிரலால பத்து செகண்ட் அழுத்தி எடுத்தா குழி நிக்குதா? பி.பி. மாத்திரை பேர் என்ன, டோஸ் எப்ப மாத்தினாங்க?

அடையாறு ஆலமரம் | புதன், காலை 6.50

கூடவே நடந்து பாத்த மாதிரி கேக்கறீங்க! நடை முடிஞ்சதும் நாங்க நாலஞ்சு பேர் சுவரோரமா நின்னு பேசுவோம். அரசியல்தான், லேசுல முடியாது. குழி விழுது, நல்லாவே விழுது. மாத்திரை ஆம்லோடிபின். பொங்கல் சமயத்துல பி.பி. ஏறியிருக்குன்னு 5-ஐ 10 ஆக்கினாங்க. அன்னைக்குத்தான் "தினமும் நடங்க"ன்னும் சொன்னாங்க.

மெஸ் மணி

கேஸ் முடிஞ்சது. குத்தவாளி மாத்திரை, நாம விசாரிச்சது ஷூவை.

கோவை பிசியோ

இன்னும் முடியல மணி. ஆனா சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகுது. ஆம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்குது, சிரையை அந்த அளவுக்கு விரிக்கறதில்ல. உள்ள வர்ற வழி அகலமாகி, வெளிய போற வழி அப்படியே இருந்தா நடுவுல இருக்கற நுண்குழாய்கள்ல அழுத்தம் ஏறி நீர் கசியும். 5 மி.கி.-ல சும்மா இருந்த கால் 10-ல வீங்கறது ரொம்ப சகஜம். ஆண்களை விடப் பெண்களுக்கு இன்னும் அதிகம். உங்க விஷயத்துல டோஸ் ஏத்தினதும் நடை ஆரம்பிச்சதும் ஒரே நாள், அதனால பழி நடை மேல விழுந்துடுச்சு.

இருந்தாலும் மாத்திரைதான்னு நாமளே முத்திரை குத்தக்கூடாது. படியேறினா முன்னைவிட மூச்சு வாங்குதா? மல்லாந்து படுத்தா மூச்சு முட்டி ரெண்டு தலையணை தேவைப்படுதா? சிறுநீர் நுரைச்சுக்கிட்டுப் போகுதா? கொஞ்ச நாள்ல எடை விறுவிறுன்னு ஏறுச்சா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னாலும் சிறுநீர்ல புரதம், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பாக்க ரத்தத்துல கிரியாட்டினின், ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கிட்டுப் போங்க. டாக்டர் எப்படியும் கேப்பார்.

பிரண்டைத் துவையல்

நான் அப்பவே நினைச்சேன். இந்த இங்கிலீஷ் மாத்திரைதான் எல்லாத்துக்கும் காரணம். ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க அண்ணா, வீக்கம் தானா போயிடும்.

நெறியாளர்

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகளை இங்கே அனுமதிப்பதில்லை. பதில்கள் வந்துவிட்டதால் மேலே உள்ளதை நீக்கவில்லை. இனி நீக்கப்படும்.

கோவை பிசியோ

அக்கா, வீக்கம் போயிடும்தான். கூடவே பி.பி. எகிறும், அது வலிக்காது, தெரியாது, பக்கவாதத்துல கொண்டுபோய் விடும். வீங்கின கால் கண்ணுக்குத் தெரியுது, ஏறின பி.பி. தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர்கிட்ட இதுக்கு வழி நிறைய இருக்கு. டோஸைக் குறைக்கலாம், டெல்மிசார்டான் மாதிரி வேற பி.பி. மாத்திரை ஒண்ணைச் சேக்கலாம் (அதைச் சேத்தாலே பலருக்கு வீக்கம் குறையுது), சில்னிடிபின்ங்கற மாத்திரைக்கு மாத்தலாம். மெடிக்கல் ஷாப்ல கேட்டு நீர் மாத்திரை போட்டுக்கறதுதான் தப்பு வழி. ஆம்லோடிபின் வீக்கத்துக்கு அது பெருசா உதவாது, பொட்டாசியம், சோடியம் குறையறதுதான் மிச்சம்.

தண்ணியைக் குறைக்கச் சொன்னதும் இவருக்குப் பொருந்தாது. இதயமோ சிறுநீரகமோ பழுதானவங்களுக்கு டாக்டர் அளவு சொல்வார். வியர்வை ஊத்த நடக்கறவர் தானா தண்ணியைக் குறைச்சா மயங்கி விழுவார். உப்பைத்தான் குறைக்கணும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் சேந்த நம்ம தட்டுல அது மத்தியானத்துக்குள்ளயே தாண்டிடும். வெந்நீர்ல கால் வைக்கறதும் இந்த வீக்கத்துக்கு வேண்டாம், சூடு ரத்தக்குழாயை இன்னும் விரிக்கும்.

மருதாணி | புதன், மதியம் 1.20

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு வலது கால் மட்டும். பேட்மிண்டன் ஆடும்போது பாதம் உள்பக்கமா மடங்கி விழுந்தேன். வெளிக்கணு முட்டை மாதிரி வீங்கி, இப்ப பாதத்தோரம் நீலமா இறங்கியிருக்கு. நொண்டி நொண்டி நடக்கறேன். அப்பா சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்றார். எக்ஸ்ரே எடுக்கணுமா, வேண்டாமா?

பிரண்டைத் துவையல்

கண்ணு, பிரண்டையை வதக்கி அரைச்சு, புளியும் உப்பும் சேத்துக் கொதிக்க வெச்சு, பொறுக்கற சூட்டுல பத்து போடு. வழிச்சு விடறவர் கைராசிக்காரரா இருந்தா ரெண்டே நாள்தான். எங்க ஊர்ல எத்தனையோ பேருக்கு சரியாகி இருக்கு.

கோவை பிசியோ

மருதாணி, இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல வகுத்தது, அந்த ஊர் பேர்லயே வழங்குது. அடிபட்ட உடனேயும் சரி, இப்பவும் சரி, நாலு அடி எடுத்து வைக்க முடியலைன்னா எக்ஸ்ரே. நொண்டினாலும் பரவால்ல, நாலு அடி கணக்கு. அப்புறம் உள்கணு, வெளிக்கணு ரெண்டோட நுனியையும் பின்விளிம்பையும், நுனிலேர்ந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரைக்கும் விரலால அழுத்திட்டே போங்க. எலும்பு மேலயே சுரீர்னா எக்ஸ்ரே. பாதத்தோட வெளியோரம் நடுவுல, சுண்டுவிரல் எலும்பு ஆரம்பிக்கற இடத்துல ஒரு முண்டு இருக்கும், உள்பக்க வளைவுக்கு மேல இன்னொண்ணு. அங்க வலிச்சாலும் எடுத்துடுங்க. இது எதுவும் இல்லைன்னா எலும்பு முறிவுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. கால்ல உணர்ச்சி குறைஞ்ச சர்க்கரைக்காரங்களுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பக்கூடாது.

பெரும்பாலும் வெளிக்கணுவுக்கு முன்னாடி இருக்கற தசைநார்தான் கிழிஞ்சிருக்கும், பாதம் உள்பக்கம் மடங்கினா முதல்ல மாட்டறது அதுதான். பாதத்தோரம் நீலமா இறங்கறது உள்ள கசிஞ்ச ரத்தம் கீழ வடியறது. பாக்கத்தான் பயமா இருக்கும்.

வழிக்கறது மட்டும் வேண்டாம். கிழிஞ்ச நாரை அழுத்தி இழுத்தா இன்னும் கிழியும், ரத்தக்கட்டு பெருசாகும். உள்ள எலும்பு விட்டிருந்தா கேக்கவே வேண்டாம்.

பிரண்டைத் துவையல்

தம்பி படிச்சவர், சொல்றார். காலங்காலமா வழிச்சு விட்டுத்தான் எங்க ஊர்ல எல்லாரும் வயலுக்குப் போனாங்க.

கோவை பிசியோ

போனாங்க அக்கா, மறுக்கல. லேசான சுளுக்கு வழிச்சாலும் வழிக்கலைன்னாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தேறிடும். பேர் வழிச்சவருக்குப் போகும். பத்து போடறதுல எனக்குப் பெரிய சண்டை இல்ல. முதல் ரெண்டு மூணு நாள் சூடா போடாம இருந்தா சரி, தோல் புண்ணாகாம இருந்தா சரி.

மெஸ் மணி

அப்ப ஐஸ்? ஐஸ் வைக்கக்கூடாதுன்னு ஒரு வீடியோல பாத்தேன்.

கோவை பிசியோ

நல்லா மாட்டிவிட்டீங்க. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைக்கறது: இந்த நாலையும் சேத்து 1978-ல பிரபலமாக்கினவர் கேப் மிர்கின்ங்கற அமெரிக்க மருத்துவர். பல வருஷம் கழிச்சு அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறறதைத் தாமதப்படுத்தலாம்னு எழுதினார். என் கட்சி இதுதான்: வலி தாங்கலைன்னா துணி சுத்தி பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஐஸ் வைங்க, அது வலி மருந்து. காயம் ஆறறதுக்குன்னு நாள் பூரா வைக்கறதுல அர்த்தம் இல்ல. அதைவிட முக்கியம், வலி விட்டதும் மெல்ல எடை போட்டு நடக்கறது, அப்புறம் ஒத்தைக்கால்ல நிக்கப் பழகறது. பல் தேய்க்கும்போது ஒத்தைக்கால்ல நில்லுங்க மருதாணி, சிரிக்காதீங்க. ஒருதரம் மடங்கின கணுக்கால் மறுபடி மடங்கறதுக்கு நிலைகுலைவுதான் காரணம். வீக்கம் வடிஞ்சதும் பயிற்சியை விட்டுட்டு கோர்ட்டுக்கு ஓடறவங்கதான் என்கிட்ட திரும்பி வர்றாங்க.

மருதாணி

நாலு அடி நடக்க முடியுது. எலும்பு மேல வலி இல்ல, முன்னாடி பள்ளத்துலதான். அப்பாகிட்ட இந்த இழையைக் காட்டறேன். கிரேப் பேண்டேஜ் ராத்திரியும் கட்டிக்கணுமா?

கோவை பிசியோ

ராத்திரி கழட்டிடுங்க, தலையணை மேல காலைத் தூக்கி வைங்க. கட்டும்போது விரல் பக்கத்துலேர்ந்து மேல ஏத்திக் கட்டணும். கணுக்காலை மட்டும் இறுக்கினா கீழ பாதம் வீங்கும். எலாஸ்டிக் உறையை சின்ன சைஸ்ல வாங்கிப் போட்டுட்டு "வீக்கம் கூடுது"ன்னு வர்றவங்க உண்டு.

வெள்ளவத்தை வாசி | புதன், இரவு 8.30

நான் கொழும்பில இருக்கிறன். பின்னேரத்தில மெரைன் டிரைவ் பக்கம் நடக்கிறனான். எனக்கு இடக்கால் மட்டும் வீங்கும், விடிய வத்திப் போயிடும். அம்மாவுக்கு யானைக்கால் வருத்தமோ எண்டு ஒரே பயம். வைத்தியர் ஸ்கான் செய்து பார்த்திட்டு சிரை வால்வு பழுது எண்டு சொன்னவர். நாளப் புடைப்பு (வெரிக்கோஸ்) வெளியில பெரிசாத் தெரியேல்லை, உள்ளுக்கதான். அமுக்கக் காலுறை தந்தவை. காலமை கட்டிலால இறங்க முதல் போடவேணும். வீங்கின பிறகு போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. யானைக்கால் இங்க பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லாமல் ஒழிஞ்சிட்டுது எண்டு 2016-ல உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. உங்கட பக்கம் எப்படி?

காவிரிக்கரை

கும்பகோணம் பக்கம் எங்க சின்ன வயசுல தெருவுக்கு ஒருத்தராவது அந்தக் காலோட இருப்பாங்க. ராத்திரி வந்துதான் ரத்தம் எடுப்பாங்க, அந்த நோயை உண்டாக்கற புழுவோட குஞ்சு பகல்ல ரத்தத்துல அகப்படாது. இப்ப புதுசா வர்றது ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா ஆரம்பத்துல அதுவும் ராத்திரி வடிஞ்சு பகல்ல வர்ற வீக்கம்தான். அதனால அம்மா பயந்ததுல நியாயம் இருக்கு.

கோவை பிசியோ

யானைக்கால் மாதிரி நிணநீர் தேங்கி வர்ற வீக்கத்துக்கு ஒரு அடையாளம்: ரெண்டாவது கால்விரலோட அடியில, மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்க. தோல் தடிச்சுப் போய் தூக்கவே வரலைன்னா டாக்டரைப் பாக்கணும்.

அமுக்கக் காலுறை பத்தி ஒரு எச்சரிக்கை. புகை பிடிக்கறவங்க, சுகர் இருக்கறவங்க தானா வாங்கிப் போடக்கூடாது. தமனில அடைப்பு இருந்தா அது ரத்தத்தை இன்னும் தடுக்கும். பாதத்துல நாடி பாத்த பிறகுதான்.

அப்புறம், ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, கெண்டைக்கால் கனத்து, சூடா, தொட்டா வலிச்சா 'நேத்து அதிகமா நடந்தோம்'னு விட்டுடாதீங்க. நீண்ட விமானப் பயணம், சமீபத்துல ஆபரேஷன், கருத்தடை மாத்திரை, படுக்கைல கிடந்தது, இதுல ஏதாவது இருந்தா ஆழ்சிரைல ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அன்னைக்கே ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளர் ஸ்கேன். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தா இழைல கேள்வி போடற நேரம் இல்ல, 108. கொழும்புன்னா 1990.

கிரிவலக்காரன்

நானும் கேட்டுடறேன். பௌர்ணமிக்கு திருவண்ணாமலை, 14 கிலோமீட்டர். வெக்கை நாள்ல போனா கணுக்காலுக்கு மேல செவசெவன்னு திட்டு, லேசா வீக்கம், எரிச்சல். ஒரு வாரம், பத்து நாள்ல தானா போயிடுது. மணல் அலர்ஜின்னு ஒருத்தர், செருப்பு அலர்ஜின்னு ஒருத்தர். நான் செருப்பே போடறதில்ல!

கோவை பிசியோ

இது 'கோல்ஃபர்ஸ் வாஸ்குலைட்டிஸ்' மாதிரி இருக்கு, வெயில்ல கோல்ஃப் ஆடறவங்க கால்ல அதிகம் கவனிச்சதால அவங்க பேர்லயே அழைக்கறாங்க. சூட்டுல நீண்ட நேரம் நடந்தா தோலோட சிறு ரத்தக்குழாய்கள்ல வர்ற அழற்சி. ஐம்பது தாண்டினவங்களுக்கு அதிகம். பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நடக்காத நாள்லயும் வந்தா, இடுப்புக்கு மேல பரவினா, மூட்டு வலியோ காய்ச்சலோ சேந்தா தோல் டாக்டர்கிட்ட காட்டணும்.

திருச்சி மாப்பிள்ளை | வியாழன், காலை 7.15

என் மாமனாருக்கு சுகர், இருபது வருஷத்துக்கு மேல. போன மாசம் பூரா பார்க்ல நல்லா நடந்தார். இப்ப இடது கணுக்காலும் பாதமும் வீங்கி, சிவந்து, தொட்டா சுடுது. வலியே இல்லைன்றார். "வலிக்கல, அதனால ஒண்ணும் இல்ல"ன்னு இன்னைக்குக் காலைலயும் நடக்கப் போயிட்டார். காய்ச்சல் இல்ல, புண் இல்ல. ஒரு கிளினிக்ல கிருமித் தொற்றுன்னு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க, குறையல. எக்ஸ்ரே நார்மல்.

கோவை பிசியோ | காலை 7.31

சார், போன் பண்ணி அவரை முதல்ல உக்காரச் சொல்லுங்க. ஆட்டோல வீட்டுக்கு வரட்டும், நடந்து வேண்டாம். மிச்சத்தை அப்புறம் படிங்க.

இந்த இழைல எனக்கு ரொம்பப் பயம் கொடுத்த பதிவு இதுதான். ரொம்ப நாள் சுகர்ல கால் நரம்பு மரத்துப் போனவங்களுக்கு சார்கோட் பாதம்னு ஒண்ணு வரும். 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்கோட் பேர். உள்ள எலும்பு நொறுங்கிட்டு இருக்கும், வலி தெரியாததால மேலயே நடந்துட்டு இருப்பாங்க. வளைவு உடைஞ்சு பாதம் தட்டையாகி, அடியில புண் வந்து, சிலருக்குக் காலையே எடுக்கற வரைக்கும் போகும். பாக்கறதுக்கு கிருமித் தொற்று மாதிரியோ, கவுட் (யூரிக் ஆசிட் மூட்டு வீக்கம்) மாதிரியோ, சுளுக்கு மாதிரியோ இருக்கறதால தவறிப் போறது சகஜம். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலாவே இருக்கும், எம்.ஆர்.ஐ.-லதான் தெரியும்.

ரெண்டு காலையும் புறங்கையால தொட்டுப் பாருங்க. சூட்டுல வித்தியாசம் நல்லா தெரிஞ்சா சந்தேகம் பலம். இது அதுதான்னு நான் சொல்லல, தொற்றாவும் இருக்கலாம், ரத்த உறைவாவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் இன்னைக்கே. சர்க்கரைப் பாதப் பிரிவு இருக்கற ஆஸ்பத்திரி, இல்லைன்னா எலும்பு டாக்டர். "சார்கோட் பாதமா இருக்குமா?"ன்னு நீங்களே வாயைத் திறந்து கேளுங்க, தயங்காதீங்க.

பிரண்டைத் துவையல்

மாப்பிள்ளை, பிசியோ தம்பி சொல்றதைக் கேளுங்க. எங்க பெரியப்பாவும் வலி இல்லைன்னுதான் சொல்லிட்டிருந்தார், கடைசில பாதம் போச்சு. பத்து கித்து எதுவும் போட்டுடாதீங்க.

அடையாறு ஆலமரம் | அடுத்த புதன், இரவு 9.10

டாக்டரைப் பாத்தேன். சிறுநீர், கிரியாட்டினின், இ.சி.ஜி. எல்லாம் சரியா இருக்காம். ஆம்லோடிபினை 5-க்கு இறக்கி டெல்மிசார்டான் சேத்திருக்கார். கொஞ்ச நாள்ல பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுபடி பாக்கணுமாம். வீக்கம் முன்ன மாதிரி இல்ல, முழுசாப் போகவும் இல்ல. நடையை நிறுத்தவே கூடாதுன்னுட்டார், அதை எழுதியே வாங்கி வீட்ல கொடுத்துட்டேன். அரசியல் பேசறதை மட்டும் நடந்துகிட்டே பேசச் சொல்லியிருக்கேன், நண்பர்கள் ஒத்துக்கல.

மெஸ் மணி

உக்காந்து பேசுங்க சார், காலை எதிர் பெஞ்சுல நீட்டிக்கோங்க. எதிர்க்கட்சிக்காரர் உக்கார இடம் இருக்காது.

திருச்சி மாப்பிள்ளை | வியாழன், மதியம் 12.40

அன்னைக்கே போனோம். எம்.ஆர்.ஐ. பாத்துட்டு அதேதான்னு சொன்னாங்க. வளைவு இன்னும் உடையலயாம். முழங்காலுக்குக் கீழ முழுசா கட்டு போட்டிருக்காங்க, எடையே போடக்கூடாது, மாசக்கணக்குல ஆகுமாம். வாக்கர் வெச்சு வலது கால்ல தாவித் தாவி பாத்ரூம் போறார். பெரிய பிடிவாதம், வீல்சேர் வேண்டாம்ன்றார். விட்டுடலாமா?

கோவை பிசியோ

விடாதீங்க. இப்ப மொத்த எடையும் வலது பாதத்துல விழுது, அதுவும் மரத்துப் போன பாதம்தான். அங்கயும் இதே கதை ஆரம்பிக்கலாம். வீட்டுக்குள்ள வீல்சேர், பாத்ரூம் வாசல் வரைக்கும். வலது காலுக்கு நல்ல மெத்தை வெச்ச ஷூ, வீட்டுக்குள்ளயும். தினமும் சாயங்காலம் நீங்களோ அத்தையோ அந்தப் பாதத்தைத் தொட்டுச் சூடு பாருங்க, அடிப்பாகத்துல கண்ணாடி வெச்சுப் புண் பாருங்க. கட்டு போட்ட கால்ல நாத்தம் வந்தாலோ, திடீர்னு சுகர் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் இருக்காதீங்க. வீக்கம் வடிய வடிய கட்டு லூஸாகும், மாத்திப் போடச் சொல்லிக் கேளுங்க. லூஸ் கட்டு உரசியே புண்ணாக்கும்.